ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு வாழ்நாள் பணி

அமெரிக்கப் பேஸ்பாலின் உச்ச அமைப்பாகிய மேஜர் லீகில் 30 அணிகள் உள்ளன. மார்ச் இறுதியில் தொடங்கி செப்டம்பர் இறுதி வரை நீளும் ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆட, மொத்தம் 2,430 ஆட்டங்கள் நடைபெறுகின்றன. இத்தனை ஆட்டங்களுக்கும் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை, நால்வர் கொண்ட 19 குழுக்களாகப் பிரிக்கப்பட்ட 76 நிரந்தர நடுவர்கள் சுமக்கிறார்கள். அணிக்கு 26 பேர் என்ற கணக்கில் ஆட்டக்காரர்களுக்கு 780 இடங்கள் இருக்கும் ஒரு லீகில், நடுவராக விரும்புபவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு இடம்கூட இல்லை. அந்த இடத்தில் ஒருமுறை அமர்ந்தவர் இருபது, முப்பது ஆண்டுகள் அங்கேயே நீடிப்பது வழக்கமாதலால், புதியவருக்கு வழி திறப்பது மிக அரிதாகவே நிகழ்கிறது.

இந்தப் பணியின் கடுமையைப் புரிந்துகொள்ள ஆடுகளத்தின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். கிரிக்கெட்டில் முதன்மை நடுவர் பந்துவீச்சாளரின் பக்கம் நிற்கிறார். பேஸ்பாலிலோ அவர் மட்டையாளருக்கும், மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கும் பின்னால், பந்து தம்மை நோக்கியே பாய்ந்து வரும் இடத்தில் நிற்கிறார். பிட்சர் எனப்படும் பந்தெறிபவர் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து எறியும் பந்து, தரையில் பதிக்கப்பட்ட ஹோம் பிளேட் என்னும் 17 அங்குல அகலமுள்ள ஐங்கோண வெள்ளைப் பலகைக்கு மேலாகவும், மட்டையாளரின் முழங்காலுக்குக் கீழுள்ள குழிவிலிருந்து அவருடைய தோளுக்கும் காற்சட்டையின் மேல்விளிம்புக்கும் நடுப்பட்ட உயரம் வரையிலான எல்லைக்குள்ளும் கடந்தால், மட்டையாளர் அதை அடிக்க முயலாவிட்டாலும் அது ‘ஸ்ட்ரைக்’ ஆகும். அந்தக் கற்பனைக் கட்டத்துக்கு வெளியே செல்லும் பந்தை மட்டையாளர் அடிக்க முயலாவிட்டால் அது ‘பால்’ எனப்படும். மூன்று ஸ்ட்ரைக்குகள் சேர்ந்தால் மட்டையாளர் ஆட்டமிழக்கிறார். நான்கு பால்கள் சேர்ந்தால், ஓட்டம் எடுக்கச் சுற்றிவர வேண்டிய தளங்களில் முதல் தளத்துக்கு இலவசமாக நடந்து செல்கிறார்.

கட்டத்தின் எல்லைகள் விதிப்புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவே தவிர, காற்றில் வரையப்பட்டிருக்கவில்லை. மணிக்கு 95 மைல் வேகத்தில் எறியப்படும் பந்து ஹோம் பிளேட்டை அடைய ஏறக்குறைய 0.4 நொடி மட்டுமே ஆகிறது. அதற்குள் அது கடைசி சில அடிகளில் வளைந்தோ சரிந்தோ போகக்கூடும். கேட்சரும் தம் கையுறையை மெல்ல உள்நோக்கி இழுத்து, வெளியே சென்ற பந்தை உள்ளே வந்ததுபோல் காட்ட முயல்வார். ஓர் ஆட்டத்தில் எறியப்படும் முந்நூறு அளவிலான பந்துகளில் சுமார் பாதியை மட்டையாளர் தொடாமல் விட்டுவிடுவதால், ஹோம் பிளேட் நடுவர் ஒரே மாலையில் நூற்றைம்பது முறை இப்படித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. பந்து பிளேட்டைக் கடந்த கணத்திலேயே வாயைத் திறப்பவர் நல்ல நடுவர் அல்லர் என்பதும், கையுறையில் பந்து விழுந்த பின் ஒரு சிறு இடைவெளி விட்டு, கண் கண்டதை மனம் உறுதிசெய்த பிறகே அறிவிக்க வேண்டும் என்பதும் இத்தொழிலின் முதற்பாடங்கள்.

நிற்கும் இடமும் தீர்ப்பை மாற்றக்கூடியது என்பதற்கு பேஸ்பால் வரலாற்றிலேயே ஒரு தெளிவான சான்று உண்டு. 1905 முதல் 1941 வரை, மேஜர் லீகின் இரு பிரிவுகளுள் ஒன்றான நேஷனல் லீகில் பணியாற்றிய பில் கிளெம், நடுவர் தொழிலுக்கு மதிப்பைத் தேடித் தந்த முன்னோடியாகக் கருதப்படுபவர். அவரைப் பின்பற்றி நேஷனல் லீக் நடுவர்கள் மார்புக் கவசத்தைச் சட்டைக்குள் அணிந்துகொண்டு, கேட்சருக்கும் மட்டையாளருக்கும் இடைப்பட்ட சந்தில் தாழக் குனிந்து நின்று பந்தைப் பார்த்தார்கள். மற்றப் பிரிவான அமெரிக்கன் லீகின் நடுவர்களோ காற்றடைத்த பெரிய மெத்தை போன்ற கவசத்தைக் கைகளில் தாங்கி, கேட்சரின் தலைக்கு மேலாகப் பார்த்தார்கள். இதன் விளைவாக நேஷனல் லீகில் தாழ்வான பந்துகளும் அமெரிக்கன் லீகில் உயர்வான பந்துகளும் ஸ்ட்ரைக் எனத் தீர்ப்புப் பெற்றன; ஒரே விதிப்புத்தகத்தின் கீழ் இரு வேறு கட்டங்கள் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தன. 1985இல் ஓய்வுபெற்ற ஜெரி நியூடெக்கரே வெளிக்கவசத்தைப் பயன்படுத்திய கடைசி மேஜர் லீக் நடுவர்.

முகமூடி, மார்புக் கவசம், முழந்தாள் கவசம், இரும்பு நுனி வைத்த காலணி, பந்துகளைச் சுமக்க இடுப்பில் தொங்கும் பை, ஸ்ட்ரைக்குகளையும் பால்களையும் எண்ண உள்ளங்கையில் அடங்கும் சிறு எண்ணி, பிளேட்டின் மண்ணைத் துடைக்க ஒரு கைத்துடைப்பம் ஆகியவையே ஹோம் பிளேட் நடுவரின் கருவிகள். பிளேட்டைத் துடைக்கக் குனியும்போது அவர் முன்னால் வந்து, ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி, பின்னாலுள்ள பார்வையாளர் வரிசையை நோக்கிக் குனிகிறார். பணம் கொடுத்து வந்தவர்களுக்குப் பின்புறத்தைக் காட்டலாகாது என்ற மரியாதையால் நிலைபெற்ற வழக்கம் இது. புதிய பந்தின் வழுவழுப்பைப் போக்க அதன்மேல் சேறு பூசித் தேய்க்கும் வேலையும் நீண்ட காலம் நடுவர்களுடையதாகவே இருந்தது. லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்றுநர் 1930களில் நியூ ஜெர்சியில் டெலவேர் ஆற்றின் கிளையொன்றில் கண்டெடுத்த மென்சேறு இன்றுவரை எல்லா மேஜர் லீக் ஆட்டங்களிலும் பயன்படுகிறது. தேய்க்கும் கைகள் மட்டும் இப்போது உடைமாற்றறைப் பணியாளர்களுடையவை.

நடுவராவதற்கான வழி பள்ளியில் தொடங்குகிறது. நேஷனல் லீக் நடுவர் ஜார்ஜ் பார் 1935இல் முதல் நடுவர் பள்ளியைத் தொடங்க, 1939இல் பில் மெக்கோவன் மற்றொன்றை நிறுவினார். மெக்கோவனின் பள்ளியே பின்னர் கைமாறி, நடுவர் ஹாரி வெண்டல்ஸ்டெட் பெயரில் ஃபுளோரிடாவில் பல தலைமுறை நடுவர்களை உருவாக்கியது. அண்மைக் காலத்தில் மேஜர் லீக் நிர்வாகமே தகுதியறியும் முகாம்களையும் பயிற்சி முகாம்களையும் நேரடியாக நடத்துகிறது. குளிர்காலத்தில் சில வாரங்கள் நீளும் இப்பயிற்சியில் காலையில் விதிகள், பிற்பகலில் களப்பயிற்சி என நாள் கழியும். முகமூடியை இடக்கையால் தொப்பி நழுவாமல் கழற்றுவது முதல், சக நடுவர் ஓடும் திசையைப் பார்த்துத் தம் இடத்தை மாற்றிக்கொள்வது வரை ஒவ்வோர் அசைவும் உடலில் ஊறும்வரை பழக்கப்படுத்தப்படுகிறது. முதல் தளத்தில் தீர்ப்புச் சொல்வதற்குக் கற்பிக்கப்படும் முறை தனித்தன்மை வாய்ந்தது: ஓடிவருபவரின் கால் தளத்தில் படுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்; பந்து தடுப்பாளரின் கையுறையில் விழும் ஓசையைக் காதால் கேட்க வேண்டும்; இரண்டில் எது முந்தியது என்பதே தீர்ப்பு.

தேர்ந்தவர்களிலும் சிலருக்கு மட்டுமே மைனர் லீகில் வேலை கிடைக்கும். மைனர் லீக் என்பது மேஜர் லீக் அணிகளுக்கு ஆட்டக்காரர்களை வளர்த்துத் தரும் படிநிலை அமைப்பு. பயிற்சி வளாக லீகுகளில் தொடங்கி சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என அது உயர்ந்துகொண்டே போகிறது. ஆட்டக்காரர்கள் ஏறும் அதே ஏணியில்தான் நடுவர்களும் ஏறுகிறார்கள் என்றாலும், அவர்களுக்கு அது மிக மெதுவாக நகரும் ஏணி. கீழ்ப்படிகளில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டே நடுவர்கள். நான்கு பேர் நின்று பார்க்க வேண்டிய களத்தை இருவர் ஓடி ஓடிப் பார்க்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் காரில் நூற்றுக்கணக்கான மைல் கடந்து அடுத்த ஊருக்குச் செல்கிறார்கள். ஊதியம் பருவ மாதங்களுக்கு மட்டுமே, அதுவும் மாதத்துக்குச் சில ஆயிரம் டாலர்களே. ஆண்டின் எஞ்சிய பகுதியில் வேறு பிழைப்பைத் தேடிக்கொள்ள வேண்டும். மேற்பார்வையாளர்கள் அவ்வப்போது வந்து மதிப்பெண் இடுகிறார்கள். உயர வாய்ப்பில்லை என்று கருதப்படுபவர், எத்தனை ஆண்டுகள் உழைத்திருந்தாலும், விடுவிக்கப்படுகிறார். டிரிபிள்-ஏ வரை ஏறியவர்களில் சிலர் மேஜர் லீகில் ஓய்வெடுக்கும் நடுவர்களுக்குப் பதிலாக அழைக்கப்படும் பட்டியலில் இடம்பெறுகிறார்கள். அந்தப் பட்டியலிலிருந்து நிரந்தரப் பணிக்குச் செல்ல மேலும் பல ஆண்டுகள் ஆகலாம். தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் பத்தாண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு சாதாரணமானது. 2023 பருவத்துக்கு முன் ஒரே சமயத்தில் பத்து மூத்த நடுவர்கள் ஓய்வுபெற்றது, பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்களுக்கு அபூர்வமான நற்செய்தியாக அமைந்தது.

மேலே சென்று சேர்ந்தவருக்கு வாழ்க்கை முற்றிலும் மாறுகிறது. தொடக்கநிலை நடுவருக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர் அளவிலும், மூத்தவர்களுக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்காகவும் ஊதியம் கிடைப்பதாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. விமானப் பயணம், நல்ல விடுதி, பருவத்தின் நடுவே நான்கு வார விடுப்பு ஆகியவையும் உண்டு. ஆயினும் ஆட்டக்காரருக்குப் பாதி ஆட்டங்கள் சொந்த ஊரில் நடைபெற, நடுவருக்கோ சொந்த மைதானம் என்று ஒன்று கிடையாது. ஆறு மாதமும் அவர் வெளியூர்க்காரர். உடன் வரும் மூன்று சக நடுவர்களே அவருடைய சுற்றம். 1996 ஏப்ரல் 1 அன்று சின்சினாட்டியில் பருவத்தின் முதல் ஆட்டம் தொடங்கி ஏழே பந்துகள் எறியப்பட்டிருந்த நிலையில், 51 வயதான நடுவர் ஜான் மெக்ஷெரி ஹோம் பிளேட் அருகே மாரடைப்பால் சரிந்து உயிரிழந்த பிறகே, நடுவர்களின் உடல்நலம் குறித்த கவலை வெளிப்படையாகப் பேசப்பட்டது.

நேர்மையில் இத்தொழில் காட்டும் கண்டிப்பு குறிப்பிடத்தக்கது. 1882இல் சூதாடிகளுடன் கூட்டுச் சேர்ந்ததற்காக வெளியேற்றப்பட்ட நடுவர் டிக் ஹைமின் கதை இன்றும் எச்சரிக்கையாகச் சொல்லப்படுகிறது. 2025 பிப்ரவரியில் மிகத் துல்லியமானவர் எனப் பெயர்பெற்ற ஒரு நடுவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்கோ ஆட்டத்தைத் திரித்ததற்கோ சான்று கிடைக்கவில்லை என்ற போதும், பேஸ்பாலில் பந்தயம் கட்டிய நண்பருடன் பந்தயக் கணக்கைப் பகிர்ந்துகொண்டது நீக்கத்துக்கு முக்கியக் காரணமாயிற்று.

நடுவர்கள் தொழிலாளர்களாகத் திரண்டு கண்ட மிகப் பெரிய தோல்வி 1999இல் நிகழ்ந்தது. வேலைநிறுத்தம் செய்ய ஒப்பந்தம் தடையாக இருந்ததால், சங்கத் தலைவரும் வழக்கறிஞருமான ரிச்சி பிலிப்ஸ், அனைவரும் கூட்டாகப் பதவி விலகி நிர்வாகத்தைப் பணியவைக்கலாம் என்று திட்டமிட்டார். ஜூலையில் 57 நடுவர்கள் விலகல் கடிதம் கொடுத்தார்கள். நிர்வாகம் கலங்கவில்லை, மாறாக, மைனர் லீகிலிருந்து புதியவர்களை நியமிக்கத் தொடங்கியது. அதைக் கண்டு பலர் கடிதங்களைத் திரும்பப் பெற விரைந்தார்கள். 22 பேருக்கு வேலை போயிற்று. ஏணியின் அடிப்படிகளில் வருடக்கணக்கில் காத்திருந்தவர்களின் நெருக்கடியே மேலே இருந்தவர்களின் பேரம் பேசும் வலிமையை உடைத்தது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. பழைய சங்கம் கலைந்து புதியது உருவாயிற்று. இரு லீகுகளுக்கும் தனித்தனியே இருந்த நடுவர் குழுக்கள் 2000இல் ஒன்றாக்கப்பட்டன. வேலை இழந்தவர்களில் சிலர் மத்தியஸ்தத் தீர்ப்புகள், உடன்பாடுகள் வாயிலாகத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவரான ஜோ வெஸ்ட், 2021இல் ஓய்வுபெறும்போது 5,460 ஆட்டங்களுக்கு நடுவராக இருந்து, பில் கிளெமின் நெடுங்காலச் சாதனையைக் கடந்திருந்தார்.

இந்த ஏணியின் படிகள் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் அமைந்திருக்கவில்லை. ஜாக்கி ராபின்சன் 1947இல் கறுப்பின ஆட்டக்காரராக நிறத்தடையை உடைத்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்தே, 1966இல் எம்மெட் ஆஷ்ஃபோர்ட் மேஜர் லீகின் முதல் கறுப்பின நடுவரானார். மைனர் லீகுகளில் 15 ஆண்டுகள் உழைத்து அவர் அந்த நிலையை எட்டியபோது வயது ஐம்பதைக் கடந்திருந்தது. வாஷிங்டனில் தம் முதல் ஆட்டத்துக்கு அவர் வந்தபோது, துணைக் குடியரசுத் தலைவரின் வருகைக்காகக் காவலில் நின்ற பாதுகாப்பு அதிகாரிகள் அவரை நடுவர் என்று நம்பவே தயங்கினார்கள்.

பெண்களின் காத்திருப்பு இதைவிட நெடியது. பெர்னிஸ் கெரா பல ஆண்டுகள் வழக்காடி வென்று, 1972 ஜூன் 24 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜெனிவா நகரில் ஒரு மைனர் லீக் ஆட்டத்துக்கு நடுவராக நின்றார். உடன் பணியாற்ற வேண்டியவர்களே ஒத்துழைக்க மறுத்த நிலையில், அன்றே விலகினார். 1977இல் பணியைத் தொடங்கிய பாம் போஸ்டெமா 13 பருவங்கள் உழைத்து டிரிபிள்-ஏ வரை ஏறினார். மேஜர் லீக் அணிகளின் பயிற்சி ஆட்டங்களிலும் நடுவராக நின்றார். 1989 பருவத்துக்குப் பின் அவர் விடுவிக்கப்பட்டார். அவர் தொடுத்த பாலினப் பாகுபாட்டு வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. ஹோஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் சாஃப்ட்பால் ஆடியவரும் ஓவிய ஆசிரியையாகப் பணிபுரிந்தவருமான ஜென் பாவோல் 2016இல் கடைநிலை லீகில் தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைனர் லீக் ஆட்டங்களைக் கடந்து, 2025 ஆகஸ்ட் 9 அன்று அட்லாண்டாவில் பிரேவ்ஸ் அணிக்கும் மயாமி மார்லின்ஸ் அணிக்கும் நடந்த மேஜர் லீக் ஆட்டத்தில் முதல் தளத்தில் நின்றார். மறுநாள் ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலும் அவரே நின்றார். கெராவின் ஒரே நாள் பணிக்கும் இதற்கும் இடையே 53 ஆண்டுகள் ஓடிவிட்டன. இத்தனை காலம் தகுதியானவர்கள் இல்லை என்று சொல்வதற்குப் போஸ்டெமாவின் 13 பருவங்கள் இடம் தருவதில்லை.

நடுவரின் தவறு எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்கு 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் நடந்ததைவிடச் சிறந்த சான்று இல்லை. டைகர்ஸ் அணியின் பிட்சர் அர்மாண்டோ கலராகா கிளீவ்லாந்து அணியின் 26 மட்டையாளர்களை ஒருவர் பின் ஒருவராக, ஒருவரைக்கூடத் தளம் ஏற விடாமல் வெளியேற்றியிருந்தார். 27ஆமவரும் வெளியேறினால் அது ‘பெர்ஃபெக்ட் கேம்’, அதாவது மேஜர் லீக் வரலாற்றில் அதுவரை இருபதே முறை நிகழ்ந்த முழுமையான ஆட்டம். 27ஆமவரான ஜேசன் டொனால்ட் தட்டிய பந்தை மிகேல் கப்ரேரா எடுத்து எறிய, முதல் தளத்துக்கு ஓடிவந்த கலராகா பிடித்தார். அங்கு நின்ற ஜிம் ஜாய்ஸ், இருபது ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவமுடையவர், ஓடியவர் தப்பினார் என்று இரு கைகளையும் விரித்தார். டொனால்ட் தளத்தை எட்டுமுன்பே பந்து வந்துவிட்டது என்பதைக் காணொளி ஐயமின்றிக் காட்டியது. அன்றைய விதிப்படி அந்தத் தீர்ப்பை மாற்ற வழியில்லை. லீகின் ஆணையரும் அதை மாற்றவில்லை. பதிவைப் பார்த்த ஜாய்ஸ் தாம் தவறிழைத்ததை எவ்விதச் சமாதானமும் தேடாமல் ஒப்புக்கொண்டு, கலராகாவிடம் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் அவர் ஹோம் பிளேட்டுக்கு வந்து நின்றபோது, அணிப்பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகாவே. சில நாள்களில் 100 ஆட்டக்காரர்களிடம் ஈஎஸ்பிஎன் ஊடகம் நடத்திய கணிப்பில், மிகச் சிறந்த நடுவர் என அதிகம் பேர் சுட்டியது ஜாய்ஸைத்தான். ஒரு பிழையை அல்ல, ஒருவரின் பல்லாண்டுப் பணியை எடைபோடத் தெரிந்தவர்கள் ஆட்டக்காரர்களே.

இத்தகைய தீர்ப்புகளைச் சரிசெய்யும் வழி பின்னர் வந்தது. 2008இல் எல்லை வேலியைத் தாண்டும் ‘ஹோம் ரன்’ அடிகளுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட காணொளி மறுபார்வை, 2014 முதல் தளத் தீர்ப்புகள் உள்ளிட்ட பலவற்றுக்கு விரிவாக்கப்பட்டது; நியூயார்க்கிலுள்ள மையத்தில் அமர்ந்திருக்கும் நடுவர்கள் பதிவுகளைப் பார்த்து இறுதி முடிவு சொல்கிறார்கள். ஸ்ட்ரைக்கும் பாலும் மட்டும் இதற்கு அப்பால் இருந்தன. அவற்றைக் கேமராக்களால் அளக்கும் தானியங்கி முறை 2019இல் மேஜர் லீகுக்கு வெளியே இயங்கும் அட்லாண்டிக் லீகில் சோதிக்கப்பட்டு, பின்னர் மைனர் லீகுகளில் வளர்க்கப்பட்டது. தென் கொரியாவின் உயர்நிலை லீக் 2024இல் எல்லாப் பந்துகளின் தீர்ப்பையும் அதனிடமே விட்டுவிட்டது. அங்கே நடுவர் காதில் கேட்பதை உரக்கச் சொல்கிறார். மேஜர் லீக் 2026 பருவத்துக்கு வேறு வழியைத் தேர்ந்தது. தீர்ப்பை நடுவரே சொல்வார். ஒவ்வோர் அணிக்கும் இரண்டு முறையீடுகள் தரப்படும். முறையீடு வென்றால் அது கணக்கில் குறையாது. பிட்சர், கேட்சர், மட்டையாளர் ஆகிய மூவர் மட்டுமே, வெளியிலிருந்து எவருடைய துணையுமின்றி, தொப்பியையோ தலைக்கவசத்தையோ தட்டி உடனே முறையிட வேண்டும். முறையீட்டில் கருவி அளக்கும் கட்டத்தின் மேல் எல்லை மட்டையாளரின் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ் எல்லை 27 சதவீதம் என முடிவாயிற்று.

கொரிய வழியைவிட மேஜர் லீகின் வழியே மேலானது. எல்லாவற்றையும் கருவி சொல்லிவிட்டால், சிற்றூர் மைதானங்களில் இருவராக ஓடிப் பழகும் அந்தப் பத்தாண்டுப் பயிற்சிக்குப் பொருளில்லாமல் போகும். அதன்பின் கருவி காணாத தருணங்களில், அதாவது சண்டை மூளும்போதும் விதி சிக்கலாகும்போதும், நிதானமாக முடிவெடுக்கக்கூடியவர் உருவாக மாட்டார். ஆனால் அந்தப் பயிற்சியைக் காக்க விரும்பும் நிர்வாகம் கேமராக்களுக்குச் செலவிடுவதோடு நின்றுவிடக் கூடாது. திறமையிருந்தும் பணமில்லாமல் ஏணியின் நடுவிலேயே இறங்கிவிடும் நடுவர்களைத் தக்கவைக்க, மைனர் லீக் ஊதியம் ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்தப் போதுமானதாக உயர்த்தப்பட வேண்டும்.